மூடும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும், அவற்றுக்கு என் பதில்களும்.

கேள்வி: ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கத்தில் எங்கள் வீடு. மாமனாரின் அப்பா கட்டியது, தொண்ணூறு வருடத்துக்கு மேல் இருக்கும். ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த பழைய தளம். நடுக்கூடத்தில் இடுப்பு உயரம் வரை பூச்சு உப்பரித்து உதிர்கிறது. காலையில் பெருக்கினால் சுவரோரம் மட்டும் ஒரு முறம் தூள் அள்ளுகிறேன். இருபது வருடத்தில் மூன்று தடவை சிமென்ட் பூசியாகிவிட்டது. இன்டீரியர் வேலை செய்யும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, 'கொத்தவே வேண்டாம், மேலேயே ஜிப்சம் போர்டு (இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை) அடித்து மூடிவிடலாம், பத்து நாளில் புது வீடு மாதிரி ஆகிவிடும்' என்கிறார். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் இருக்கும் என் மகனும், 'நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் அப்படித்தான் செய்தோம், தைரியமாகச் செய்யுங்கள்' என்கிறான். அடுத்த வாரம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? மாடி அறைச் சுவரும் மேடு பள்ளமாக இருக்கிறது, ஆனால் உதிர்வதில்லை. – வாசகி, ராயபுரம்

பதில்: அம்மா, நடுக்கூடத்துக்கு வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன், மகனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் மகன் சொன்னது அவருடைய வீட்டுக்குச் சரிதான். அந்த ஊர்ப் பழைய வீட்டுச் சுவரின் உடம்பே வேறு. அங்கே சுவருக்குள் மரச்சட்டங்கள் நிற்கும், பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று. அந்தச் சட்டங்களுக்குக் குறுக்கே மெல்லிய மரப்பட்டைகளைச் சின்ன இடைவெளி விட்டு ஆணியடித்திருப்பார்கள். அதன்மேல் கலவையை அழுத்திப் பூசும்போது கொஞ்சம் இடுக்கு வழியாகப் பின்பக்கம் பிதுங்கி, மடிந்து, அப்படியே இறுகிவிடும். அந்தப் பிதுக்கம்தான் கொக்கி மாதிரி பூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எண்பது, நூறு வருடத்தில் மரம் சுருங்கி விரிந்து கொக்கிகள் ஒடியும். பூச்சு விரிசல் விடும், சில இடத்தில் தொங்கும். ஆனால் உள்ளே பெரும்பாலும் உலர்ந்த வெற்றிடம். அதனால் பழைய பூச்சை இடிக்காமல் அதன்மேலேயே மெல்லிய போர்டை வைத்து, நீள ஸ்க்ரூவைச் சட்டம் வரை இறக்கிவிடுகிறார்கள். பூச்சும் பிடிபட்டு நிற்கும், மேலே சமமான முகமும் கிடைக்கும். நஷ்டம் என்று பார்த்தால் ஜன்னல், கதவுச் சட்டங்கள் சுவருக்குள் அமுங்கினது போலத் தெரியும், அவ்வளவுதான். 1910-களில் 'ஷீட்ராக்' என்ற பெயரில் அங்கே விற்பனைக்கு வந்த சரக்கு இந்தப் போர்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளை வேகமாகக் கட்ட வேண்டியிருந்தபோது பூச்சு வேலையையே ஓரங்கட்டிவிட்டது. கலவை காய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பதால்தான் அதற்கு டிரைவால் என்றே பெயர்.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த அறையில் கைவைக்கும் முன் பழைய பெயின்ட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பதை 1978-ல்தான் தடை செய்தார்கள். 1970-கள் வரை பூச்சிலும் இணைப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததும் உண்டு. சுரண்டினால் அந்தத் தூள் பிள்ளைகளின் மூச்சில் போகும்.

சரி, உங்கள் சுவருக்கு வருவோம். அதற்குள் வெற்றிடம் இல்லை, மரம் இல்லை. ஒன்றரை அடிக்குச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். அந்தக் காலத்தில் வட சென்னைக்குக் கிளிஞ்சல் பழவேற்காடு பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகில் வரும். அதைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்து அரைத்துச் சாந்தாக்குவார்கள். என் அப்பா கொத்தனார். கடுக்காயைத் தட்டிப் பனைவெல்லத்தோடு ஒரு வாரம் தொட்டியில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரில்தான் கலவை குழைப்பார். பக்கத்தில் போனாலே புளித்த வாசம் அடிக்கும். எனக்கு இன்றைக்கும் வேலை வாசனை என்றால் அதுதான்.

சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. சுவருக்குள் ஈரம் ஏறினாலும் அந்தத் துளைகள் வழியாக ஆவியாகி வெளியே போய்விடும். பழைய வீடு எத்தனையோ ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டி நிற்பது இந்த வழியால்தான். உங்கள் வீட்டில் அந்த வழியை மூன்று தடவை சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, அம்மா. இந்தப் பகுதியில் பத்துக்கு எட்டு வீட்டில் நான் பார்த்தது இதுதான். சிமென்ட் ஈரத்தைச் சுலபமாக வெளியே விடாது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் மேலே ஏறும். முதல் தடவை பூசியபோது உதிர்வது முட்டி உயரத்தில் இருந்திருக்கும், இப்போது இடுப்புக்கு வந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள், நான் சொல்வது சரியாக இருக்கும்.

உதிர்க்கிறது யார் என்றால், உப்பு. ராயபுரத்தில் கடல் பக்கம், காற்றிலும் உப்பு, நிலத்தடி நீரிலும் உப்பு. தண்ணீரோடு கரைந்து ஏறும் உப்பு, தண்ணீர் ஆவியாகும் இடத்தில் தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர வளர இடம் கேட்கும். பூச்சின் துளைக்குள் உட்கார்ந்துகொண்டு அதைத் தள்ளித் தள்ளித் தூளாக்கும். நீங்கள் முறத்தில் அள்ளுவதைக் கொஞ்சம் எடுத்து வெயிலில் பாருங்கள், நடுவில் மினுமினுவென்று ஊசி ஊசியாகத் தெரியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். வாசலில் போய் நில்லுங்கள். கல்யாணமாகி வந்தபோது தெருவிலிருந்து எத்தனை படி ஏறி வீட்டுக்குள் வந்தீர்கள், இப்போது எத்தனை படி? ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. திண்ணையே தெருமட்டத்துக்கு வந்துவிட்ட வீடுகள் பழைய வண்ணாரப்பேட்டையில் வரிசையாக இருக்கின்றன. அப்படி என்றால் உங்கள் கூடத்துச் சுவரின் அடிப்பாகம் இப்போது மண்ணுக்குள் இருக்கிறது, மழைக்காலம் முழுக்க நனைகிறது. அப்புறம் மாடியிலிருந்து வரும் மழைக்குழாயைப் பாருங்கள். பழைய வார்ப்பிரும்புக் குழாய் சுவரைப் பார்த்த பக்கம்தான் துருப்பிடித்து ஓட்டையாகும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. கையைப் பின்னால் விட்டுத் தடவுங்கள். ஜலதாரை அடைத்திருக்கிறதா, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா, இதெல்லாம் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் சண்டையாகக் கேட்காமல் ஒரு டம்ளர் காபியோடு கேளுங்கள், சுவர் இரண்டு பேருக்கும் சொந்தம்.

வீட்டிலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டியிருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. முட்டி உயரத்தில் ஒன்று, தோள் உயரத்தில் ஒன்று, மாடி அறையில் ஒன்று ஒட்டுங்கள்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. அப்பா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலை இது, கரணை பிடிப்பதற்கும் முன்னால். நடுவிரல் முட்டியை மடக்கி, மேலிருந்து கீழாக ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே வர வேண்டும். பூச்சு செங்கல்லைப் பிடித்திருந்தால் 'டக்' என்று கட்டையாகக் கேட்கும், விரலும் வலிக்கும். விட்டிருந்தால் 'பொக்' என்று பானையைத் தட்டினது போல வரும். பொக் வந்த இடத்தைச் சாக்பீஸால் சுற்றி வளைத்துக்கொண்டே போவார். முடிந்ததும் பின்னால் வந்து நின்று பார்த்தால் சுவரில் ஒரு வரைபடம் இருக்கும், வியாதி எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று. குழந்தை நெஞ்சில் விரல் வைத்துத் தட்டும் டாக்டரைப் போல, கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். எத்தனையோ வீட்டில் மொத்தச் சுவரையும் கொத்த வேண்டும் என்று சொன்ன இடத்தில் கால்வாசிதான் கெட்டிருந்தது என்பதை அந்த விரல்தான் சொல்லியிருக்கிறது.

போர்டு வேண்டாம் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு வீடு காரணம். 2005-ல் தங்கசாலை பக்கம் ஒரு வீட்டில், உங்கள் வீட்டைப் போலவே உப்பரித்த சுவர். வீட்டுக்காரருக்கு மகள் கல்யாணம், அவசரம். நானே ஜி.ஐ. சட்டம் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) நிறுத்திப் போர்டு அடித்தேன். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, பார்க்க அழகாக இருந்தது. அந்த ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் என்ன மழை என்று உங்களுக்கே நினைவிருக்கும். இரண்டு வருடம் கழித்துக் கூப்பிட்டார்கள். 'சுவருக்குள் எலி செத்துக் கிடக்கிறது போல' என்றார் வீட்டிலிருந்த பெரியம்மா. கீழ்வரிசைப் போர்டைக் கழற்றக் கைவைத்தேன், பாலில் நனைத்த ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. எலி இல்லை. போர்டின் பின்பக்கக் காகிதம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், ஒரு மூலையில் கரையான் மண் ஏறிக் காகிதத்தைத் தின்றிருந்தது. சுவருக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு அடி உயரத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகத் தூள் குவிந்திருந்தது. பூச்சு தீர்ந்து, செங்கல்லே கரைய ஆரம்பித்திருந்தது. இரண்டு வருடமாக யார் கண்ணிலும் படாமல் அந்தச் சுவர் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்கள் தினமும் முறத்தில் அள்ளுவது உங்களுக்குத் தொல்லை, ஆனால் சுவர் உங்களிடம் சொல்லிக்கொண்டாவது இருக்கிறது. நான் அந்த வீட்டில் அதன் வாயைப் பொத்திவிட்டேன். கூலி வாங்காமல் பிரித்துச் சரிசெய்தேன். அந்த அம்மா அன்றைக்கும் எனக்கு மோர் கொடுத்தார், எனக்குத்தான் குடிக்க முடியவில்லை.

ஜிப்சம் ஈரத்தில் பலம் இழக்கும் பொருள், கொஞ்சம் கரையவும் செய்யும். பச்சை நிறக் காகிதம் ஒட்டிய போர்டு ஈரத்தை ஓரளவு தாங்கும் என்பது உண்மை. அது காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, அடியிலிருந்து ஏறும் தண்ணீருக்கு அல்ல. சிமென்ட் ஃபைபர் போர்டு போட்டால் போர்டு கெடாது, சரி, பின்னால் சுவர் கெட்டுக்கொண்டுதானே இருக்கும்?

அப்படியானால் என்ன செய்வது? முதலில் தண்ணீர் வரும் வழியை நிறுத்துங்கள்: குழாய், ஜலதாரை, வெளிச்சுவரோரம் கொட்டி வைத்திருக்கும் மண். பிறகு தையோ மாசியோ, மழை நின்று பனி குறைந்ததும், கூடத்தில் சிமென்ட் பூச்சை ஈரக்கோட்டுக்கு மேலும் ஒன்றரை அடி வரை கொத்தி எடுத்துவிடுங்கள். கலவைக்குள் போன சிமென்ட்டையும் செங்கல் இடுக்கில் அரை அங்குலம் வரை சுரண்டச் சொல்லுங்கள். இடிக்கும் மெஷின் வேண்டாம், கையுளியும் சுத்தியும் போதும், பழைய செங்கல் மெஷினின் அதிர்ச்சியைத் தாங்காது. கொத்தியதும் பூசக் கூடாது. சுவர் காயட்டும். சித்திரை, வைகாசி வெயில் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்து விடுங்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், விருந்தாளி வந்தால் சங்கடமாகவும் இருக்கும். விட்டுவிடுங்கள்.

அந்த நேரத்தில் உப்பை இழுக்கப் பத்து போடலாம். கால் வீங்கினால் பத்து போடுகிறோமே, அதே வேலைதான். எழுதாத வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சுவரில் அரை அங்குலம் அப்புங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும். மெட்ரோ வாட்டரோ பிடித்து வைத்த மழைநீரோ போதும். கூழிலிருக்கும் தண்ணீர் சுவருக்குள் போய் உப்பைக் கரைத்துக்கொண்டு, காயும்போது வெளியே வரும். முழுக்கக் காய்ந்ததும் ஓரத்தில் விரல் வைத்தால் அப்பளம் மாதிரி உரிந்து வரும். நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி அப்புங்கள். மூன்று, நான்கு தடவை செய்தால் கரிப்பு குறைவது உங்களுக்கே தெரியும்.

பூசுவதற்குச் சுண்ணாம்புதான், ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆற்று மணல், சிமென்ட் ஒரு கரண்டிகூடக் கூடாது. 'கொஞ்சம் போட்டால் சீக்கிரம் இறுகும்' என்று யாராவது சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். கடுக்காய் வேண்டுமானால் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் மொத்தமாகக் கிடைக்கும். சுவரை முதல் நாளே நன்றாக நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் இரண்டு பூச்சாகப் பூச வேண்டும். முதல் பூச்சு நன்றாக இறுகிய பிறகே அடுத்தது. ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரமாவது காய விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் கல்லாகும், அவசரப்படுத்தினால் வெடிக்கும். வேலை செய்பவர்கள் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கடைசியில் வெள்ளை, நீர்க்க மூன்று தடவை. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இவ்வளவு பாடும் வீண்.

தெரு உயர்ந்ததால் வரும் ஈரம் முழுக்க நிற்காது, அம்மா. ஐந்தாறு வருடத்தில் கீழே ஒரு அடி மறுபடி உதிரலாம். அந்த ஒரு அடியை மட்டும் மறுபடி பூசிக்கொள்ளுங்கள். சுவருக்குப் பதிலாகப் பூச்சு தேயட்டும், அதற்காகத்தான் பூச்சு.

மாடி அறை வேறு கணக்கு. தாளுக்குள் தண்ணீர் கட்டவில்லை, தட்டினால் 'டக்' என்று கேட்கிறது, மேடு பள்ளம்தான் குறை என்றால் அங்கே தாராளமாகப் போர்டு அடிக்கலாம். பழைய வயரிங் மரப்பட்டியில் ஓடினால் அதை உள்ளே வைத்து மூடாதீர்கள், புது வயர் இழுத்த பிறகே போர்டு. அளவு உங்களுக்குத் தெரிந்திருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது: 10-க்கு 12 அறை, 11 அடி உயரம் என்றால் சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 484 சதுர அடி. கதவும் இரண்டு ஜன்னலும் ஏறக்குறைய 50 போனால் 434. கடையில் கிடைக்கும் போர்டு 6-க்கு 4, அதாவது 24 சதுர அடி. பதினெட்டு, பத்தொன்பது போர்டு, வெட்டுச்சேதம் சேர்த்து 21. முப்பது என்று எழுதிக் கொடுத்தால் காரணம் கேளுங்கள்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் தாத்தா வீட்டு முதல் மாடியில் இருக்கிறோம். தரை, மரச்சட்டத்தின் மேல் போட்ட பழைய தளம். வீட்டிலிருந்தே வேலை பார்க்க, பெரிய அறையை இரண்டாகத் தடுக்க வேண்டும். செங்கல் தடுப்பு வைக்கலாம் என்கிறார் அப்பா. போர்டு தட்டினால் உடையும் என்கிறார். – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, இந்த இடத்துக்குப் போர்டுதான். நாலரை அங்குலச் செங்கல் தடுப்பு, இரண்டு பக்கப் பூச்சோடு ஒரு சதுர மீட்டருக்கு 250 கிலோவுக்கு மேல் வரும். இரண்டு பக்கமும் அரை அங்குலப் போர்டு அடித்த தடுப்பு, சட்டத்தோடு சேர்த்து 25 கிலோ அளவுதான். உங்கள் தளத்தின் உத்திரங்கள் அந்தச் செங்கல் பாரத்துக்காக வைத்தவை அல்ல. அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

தடுப்பு உத்திரங்களுக்குக் குறுக்கே வருமாறு வையுங்கள், பாரம் பல உத்திரத்துக்குப் பிரியும். இரண்டு உத்திரத்துக்கு நடுவில் நீளவாக்கில் வைத்தால் இடையிலிருக்கும் செங்கல் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும். ஜி.ஐ. சட்டம் இரண்டு அடிக்கு ஒன்று. போர்டுகளின் இணைப்பு சட்டத்தின் மேல்தான் விழ வேண்டும், இந்தப் பக்க இணைப்பும் அந்தப் பக்க இணைப்பும் ஒரே சட்டத்தில் வரக் கூடாது. ஸ்க்ரூ தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே அமுங்கி நிற்க வேண்டும், கிழித்துவிட்டால் அந்த ஸ்க்ரூ பிடிக்காது, பக்கத்தில் வேறொன்று போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அடிக்கட்டும், இல்லையென்றால் வீடு துடைக்கும் தண்ணீரைப் போர்டு உறிஞ்சும். உடையும் என்ற பயத்துக்கு, கதவு வரும் இரண்டு பக்கமும் சட்டத்துக்குள் மரக்கட்டை செருகச் சொல்லுங்கள். சத்தம் வராமலிருக்க நடுவில் ராக்வுல் என்ற கல்நார்ப் பஞ்சை வையுங்கள்.

பழைய சுவரோடு சட்டத்தைச் சேர்க்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். சுண்ணாம்புப் பூச்சில் பிளக் நிற்காது. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இரண்டு அங்குலமாவது போக வேண்டும், ட்ரில் மெஷினில் ஹேமரை அணைத்துவிட்டுத் துளைக்க வேண்டும்.

கேள்வி: போர்டுச் சுவரில் சாமி படமும் பாத்திர ஷெல்ஃபும் மாட்டலாமா? – வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: சின்னப் படம் மாட்டலாம், அதற்கென்று பின்னால் விரியும் பட்டர்ஃப்ளை பிளக் கிடைக்கிறது. ஷெல்ஃப், டி.வி., கேஸ் சிலிண்டர் பக்கத்து ரேக் இவையெல்லாம் போர்டை நம்பி மாட்டாதீர்கள். போர்டு அடிக்கும் முன்பே எங்கே எது வரும் என்று முடிவுசெய்து அந்த உயரத்தில் முக்கால் அங்குலப் பிளைவுட்டைச் சட்டத்தில் பொருத்தச் சொல்லுங்கள். மூடும் முன் அளவு டேப்பை வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து ஆணியடிக்கும்போது அந்தப் போட்டோ உதவும். விளக்கை மட்டும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஜிப்சம் தீயைக் கொஞ்ச நேரம் தாங்கும், அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான், சூட்டில் அது ஆவியாகிக் காக்கும். மேலே இருக்கும் காகிதமும் பெயின்ட்டும் கருகத்தான் செய்யும்.

கேள்வி: சௌகார்பேட்டையில் வாடகை வீடு. கதவு, ஜன்னல், சுவரின் கீழ்ப்பாதி எல்லாம் அந்தக் காலத்துப் பச்சை ஆயில் பெயின்ட், அடுக்கடுக்காக உரிகிறது. நானே சுரண்டிப் புதிதாக அடிக்கலாமா? இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. – வாசகர், சௌகார்பேட்டை

பதில்: உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கறாரான வரம்பு, பத்து லட்சத்தில் 90 பங்கு என்று, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆயில் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் வயது. வேலை நடக்கும் நாளில் தாயும் பிள்ளையும் வேறு வீட்டில் இருக்கட்டும். தெளிப்பானில் தண்ணீர் அடித்து, ஈரமாகவே உரித்து, கீழே பிளாஸ்டிக் விரித்துச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு தடவை துடையுங்கள். உரியாமல் ஒட்டியிருக்கும் மரப்பகுதியைத் தொடாமல் மேலேயே புதுப் பெயின்ட் அடித்துவிடுவது நல்லது. உங்கள் அறையில் சுவர் உலர்ந்திருந்தால், வீட்டுக்காரர் சம்மதத்தோடு அந்தக் கீழ்ப்பாதியை மட்டும் போர்டால் மூடலாம். உரிக்காமல் மூடுவது அங்கே குழந்தைக்குப் பாதுகாப்பு.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் படுக்கை அறையில் மெட்ராஸ் டெரஸ் தளத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் கட்டிலில் விழுகிறது. ஃபால்ஸ் சீலிங் அடித்துவிடலாமா? – வாசகர்

பதில்: முதலில் மாடிக்கு ஏறுங்கள். மேலே பதித்த தட்டை ஓடு பெயர்ந்திருக்கிறதா, கைப்பிடிச்சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? கன்றைக் கையால் பிடுங்கினால் வேர் உள்ளே நின்று மறுபடி துளிர்க்கும். ஓரத்தைத் திறந்து வேரோடு எடுத்துச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். பிறகு கீழே வந்து ஏணி போட்டு, ஒவ்வொரு உத்திரமும் சுவருக்குள் நுழையும் நுனியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தேக்கு நடுவில் கல் மாதிரி இருக்கும், ஈரச்சுவருக்குள் இருக்கும் நுனிதான் முதலில் மக்கும். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் சீலிங் பேச்சை விட்டுவிட்டு, பழைய தளம் தெரிந்த பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை கட்டிலை அந்த உத்திரத்துக்கு அடியிலிருந்து நகர்த்திவிடுங்கள்.

நுனிகள் நன்றாக இருந்து, ஒரு மழைக்காலம் முழுக்கச் சொட்டு விழாமல் இருந்தால் சீலிங் அடிக்கலாம். கம்பியைச் செங்கல்லில் மாட்டாமல் உத்திரத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டுத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஒரு மூலையில் இரண்டுக்கு இரண்டு அடி திறப்பு கட்டாயம் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, கார்த்திகை மழை முடிந்ததும், டார்ச்சோடு தலையை உள்ளே விட்டு எல்லா நுனியையும் பார்த்துவிட்டு மூடுங்கள்.